வீட்டிலிருந்து வேலை செய்யும் பிள்ளை

ரொறொன்ரோவில் எங்களுக்குத் தெரிந்த தாய் ஒருவர் 2022 ஆம் ஆண்டிலிருந்து ஒரு பொய்யைச் சொல்லி வருகிறார். கோயிலில், கலியாண வீட்டில், செத்த வீட்டில், தமிழ்க் கடையில் மீனை வெட்டக் கொடுத்துவிட்டுக் காத்து நிற்கையில், யார் விசாரித்தாலும் பதில் ஒன்றுதான்: "தம்பி வீட்டில இருந்துதான் வேலை செய்யிறான்." கொரோனா வந்து பாதிப்பேரை வீட்டிலிருந்து வேலை செய்ய வைத்துவிட்டபடியால் இந்தப் பொய் நன்றாக எடுபடுகிறது. தம்பி பகலில் வீட்டில்தான் இருக்கிறான். வேலை இரவில். மதுச்சாலைகளின் பின்னறைகளில் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிடம் ஆட்களைச் சிரிக்க வைக்கிறான், அல்லது வைக்கப் பார்க்கிறான். ஒரு வங்கியின் கொம்பியூட்டர் பகுதியில் பத்து வருடம் பார்த்த வேலையை இதற்காகத்தான் விட்டான்.

இந்தப் பொய்யை அந்தத் தாயின் வாயில் வைத்தவர்கள் நாம். செய்தி கசிந்த முதல் மாதத்தில் அந்த வீட்டுத் தொலைபேசிக்கு வந்த கேள்விகளை எங்களிடம் அவரே சொன்னார். விசரே பிடிச்சது? கஞ்சா கிஞ்சா அடிக்கிறானோ? ஆரும் வெள்ளைப் பெட்டை பின்னாலயோ? சாதகத்தைக் கொண்டுபோய்க் காட்டினனீங்களோ? ஒருவர் மட்டும் கொஞ்சம் இரக்கத்தோடு, "வேலையால நிப்பாட்டிப் போட்டாங்களோ?" என்று கேட்டாராம். ஆம் என்றிருந்தால் அனுதாபம் கிடைத்திருக்கும். வங்கி வெளியே தள்ளியிருந்தால் அது விதி. தானாக எழுந்து நடந்தான் என்பதுதான் எம்மவருக்குப் பொறுக்கவில்லை.

பாதுகாப்பான வேலை என்று நாம் சொல்லிக்கொள்வதை முதலில் பார்ப்போம். 2022 நவம்பரில் மெற்றா நிறுவனம் 11,000 பேரை நிறுத்தியது. 2023 ஜனவரியில் அமேசன் 18,000 பேர் என்றது. அதே மாதம் கூகிள் 12,000 பேர் என்றது. அந்தக் கடைசிக் கடிதத்தின் கீழே இருந்த பெயர் மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சையுடையது. 'அவரைப் பார்' என்று எத்தனை வீடுகளில் பிள்ளைகளுக்குக் காட்டினோம்! காட்டிய அதே பிள்ளைகளில் சிலர் காலையில் எழும்பி மின்னஞ்சலைத் திறக்க முடியாமல் இருந்து பார்த்தார்கள்.

அவர்களில் எச்-1பி விசாவில் இருந்தவர்களின் நிலை இன்னும் மோசம். வேலை போனால் அறுபது நாட்கள். அதற்குள் வேறு முதலாளி கிடைக்க வேண்டும், அல்லது விசாவை மாற்ற வேண்டும், அல்லது பெட்டியைக் கட்ட வேண்டும். அந்த விசா ஒருவரை ஒரு முதலாளியோடு சேர்த்துத் தைத்துவிடும் நூல். கலிபோர்னியாவில் அந்த விசாவில் இருக்கும் ஒரு சென்னைப் பெடியனுக்கு எவ்வளவு நகைச்சுவை வந்தாலும், இருபத்தைந்து டொலர் கூலிக்கு ஒரு மேடையில் ஏறினால் அது சட்டவிரோத வேலை. கலைஞராக அங்கே இருக்க வேறு விசா உண்டு. அதற்கு 'அசாதாரணத் திறமை' இருப்பதை நிரூபிக்க வேண்டும். மேடையே ஏறாதவன் மேடைத் திறமையை எங்கே போய் நிரூபிப்பான்? நிரந்தர வதிவிட அட்டை கிடைக்கும்வரை பொறுத்திருக்கலாம் என்றால், எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் வருடாந்த ஒதுக்கீட்டில் ஏழு வீதத்துக்கு மேல் இல்லை என்ற விதியினால் இந்தியாவில் பிறந்தவர்களின் வரிசை பத்து வருடக் கணக்கில் நீளுகிறது. சிரிப்பு வருகிற வயது போய்விடும்.

எங்கள் பெடியனுக்கு அந்தத் தளை இல்லை. நாங்கள் அகதியாக வந்தவர்கள். கனடாவில் வழக்கு வென்று நிரந்தர வதிவுரிமை கிடைத்த நாளிலிருந்து நீ என்ன வேலை செய்கிறாய் என்று இந்த அரசு எங்களைக் கேட்டதில்லை. அந்தச் சுதந்திரத்துக்கு நாங்கள் கொடுத்த விலை வாசகருக்குத் தெரியும்: ஏஜென்சிக்கு ஈடு வைத்த காணி, பிராங்பேர்ட்டிலும் பாங்கொக்கிலும் கிடந்த மாதங்கள், விசாரணையில் ஒரே கதையை நான்கு தரம் சொன்ன அவமானம். இவ்வளவையும் கொடுத்து வாங்கிய சுதந்திரத்தை என்ன செய்தோம்? எச்-1பிக்காரனுக்கு அமெரிக்க அரசு போட்ட கயிற்றை நாமே திரித்து எம் பிள்ளைகளின் கழுத்தில் போட்டோம். டொக்ரர், இஞ்சினியர், எக்கவுண்டன். பிறகு கொம்பியூட்டர் வந்தது, நான்காவதாகச் சேர்த்துக்கொண்டோம். இந்த விசாவில் அறுபது நாள் அவகாசமும் கிடையாது.

இதை எழுதுகிற எங்களுக்கும் அந்தக் கயிறு திரித்த கைகள்தான் இருக்கின்றன என்பதை மறைக்கவில்லை. ஏன் திரித்தோம் என்பதும் தெரியும். 1970களில் தரப்படுத்தல் வந்து, கிடைக்க வேண்டிய பல்கலைக்கழக இடம் கிடைக்காமல் போனவர்கள் எங்களில் இருக்கிறார்கள். இங்கே வந்து உணவகங்களில் கோப்பை கழுவினோம். தங்கச்சிமாரின் சீதனம், தம்பிமாரை எடுப்பித்த கடன், வட்டி, பிறகு வன்னிக்கு அனுப்பிய காசு. எங்களுக்குச் சிரிக்க நேரமிருக்கவில்லை. பிள்ளை சட்டை கசங்காமல் ஒரு கண்ணாடிக் கட்டிடத்துக்குள் போய் வந்தால் போதும் என்றிருந்தது. அந்த ஆசையைக் கேலி செய்பவனோடு நாங்கள் சண்டைக்குப் போவோம். ஆனால் கடன் கட்டி முடிந்த பின்னும் கடன்காரனைப் போலவே நடந்துகொண்டிருக்கிறோமே, அதற்கு என்ன பெயர்? அந்தப் பெடியன் வேலையை விட்டபோது வீட்டுக்கடனில் பெரும்பகுதி அவனாலேயே கட்டப்பட்டிருந்தது. அக்காவின் கலியாணமும் அவன் காசில்தான் நடந்தது. இதைத் தொலைபேசியில் விசாரித்த எவரும் கேட்கவில்லை.

வென்றவன் என்றால் எம் நியாயம் மாறிவிடும், அதையும் சொல்ல வேண்டும். குமைல் நஞ்சியானி என்று ஒருவர். 1978 இல் கறாச்சியில் பிறந்தவர். பதினெட்டு வயதில் அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்துக்குப் படிக்க வந்து, 2001 இல் கிறின்னல் கல்லூரியில் கொம்பியூட்டர் விஞ்ஞானமும் தத்துவமும் சேர்த்துப் பட்டம் பெற்றார். பிறகு சிக்காகோவில் பகலில் கொம்பியூட்டர் வேலை, இரவில் மேடை. 2007 இல் தன் கறாச்சி வாழ்க்கையை ஒரு தனியாள் நிகழ்ச்சியாக்கினார். 'உச்சரிக்க முடியாதது' என்பது அதன் பெயரின் பொருள். எந்த வேலையை விட்டு ஓடினாரோ அந்த வேலைக்காரனாகவே நடித்துத்தான் அவர் பெயர் எடுத்தார் என்பது வேடிக்கை. 2014 முதல் 2019 வரை எச்.பி.ஓ. தொலைக்காட்சியில் ஓடிய 'சிலிக்கன் வலி' தொடரில் அவர் பாகிஸ்தானிலிருந்து வந்த ஒரு கொம்பியூட்டர்காரன். (இப்பெயரைத் தமிழில் எழுதினால் வேறொரு அர்த்தமும் வருகிறது. பொருத்தமாகத்தான் இருக்கிறது.) 2017 இல் மனைவி எமிலி கோர்டனோடு சேர்ந்து தங்கள் சொந்தக் கதையை 'த பிக் சிக்' என்ற படமாக எழுதினார். மகனுக்குப் பாகிஸ்தானியப் பெண் பார்த்தபடியே இருக்கும் தாய் தகப்பன், மகனோ மயக்கத்தில் கிடக்கும் வெள்ளைக்காரக் காதலியின் ஆஸ்பத்திரிக் கட்டிலருகே. அதில் கதாநாயகன் கொம்பியூட்டர் வேலை செய்வதில்லை. ஊபர் ஓட்டுகிறான். திரைக்கதைக்காக 2018 இல் ஒஸ்கார் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டார்கள்.

அந்தப் பரிந்துரை வந்த வாரம் எம்மவரின் கைத்தொலைபேசிகளில் அவரின் படம் பறந்தது. 'எங்கட ஆள்' என்றார்கள். அவர் தமிழனுமில்லை, இலங்கையனுமில்லை. மண்ணிறத் தோல் போதுமாயிருந்தது. சிக்காகோவில் பத்துப் பேருக்கு முன்னால் நின்ற ஆண்டுகளில் அவர் எம் மகனாக இருந்திருந்தால் அவரின் தாயையும் பொய் சொல்ல வைத்திருப்போம். சீனாவிலிருந்து 1994 இல் அமெரிக்கா வந்து, உயிர் இரசாயனத்தில் கலாநிதிப் பட்டம் பெற்று, பொஸ்ரனில் ஆய்வுகூட வேலையிலிருந்து மேடைக்குப் போன ஜோ வோங் 2010 இல் துணை ஜனாதிபதி பைடனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே பகிடி சொன்னார். அதைப் பார்த்துச் சிரித்த எம்மவர்களில் எத்தனை பேர் தம் பிள்ளை ஆய்வுகூடத்தை விட அனுமதிப்பார்கள்? கலாநிதிப் பட்டத்தோடு மேடையா, ஐயோ என்று நெஞ்சில் அடிப்பார்கள்.

சரி, இவன் என்னதான் சொல்கிறான் என்று பார்ப்போமென்று நாங்கள் நான்கு பேர் ஒரு செவ்வாய் இரவு போனோம். கிழக்கு ரொறொன்ரோவில் ஒரு மதுச்சாலை. பின்னறையில் பதினெட்டுப் பேர். அதில் பத்துப் பேர் தம் முறைக்குக் காத்திருந்த நகைச்சுவைக்காரர்கள். தம் முறை வரும்வரை சிரிக்க மாட்டார்கள், வந்து போனபின் நிற்கவும் மாட்டார்கள். ஆளுக்கு ஐந்து நிமிடம். நேரம் முடியப்போகிறது என்றால் பின்சுவரில் ஒரு சிவப்பு விளக்கு எரியும். கூலி இல்லை. இப்படி நூற்றுக்கணக்கான இரவுகள் நின்ற பிறகுதான் யாராவது காசு தருவார்கள். அதுவும் நிச்சயமில்லை.

வங்கியில் அவன் பார்த்த வேலை, ஆட்கள் கடவுச்சொல்லை மறந்துவிட்டால் 'நீங்கள்தானா நீங்கள்' என்று பார்க்கக் கேட்கும் கேள்விகளைப் பற்றியது. பகிடியும் அதில்தான் தொடங்கியது. நீங்கள் முதலில் படித்த பள்ளிக்கூடம் எது? எதைச் சொல்வது, ஷெல் விழுந்ததையா, அதற்குப் பிறகு மரத்தின் கீழ் நடந்ததையா? பதினொரு வயதுக்குள் அவனுக்கு ஐந்து பள்ளிக்கூடங்கள். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் நாவற்குழிப் பாலத்தால் நடந்தபோது அவனுக்கு ஏழு வயது. நீங்கள் வளர்ந்த வீதியின் பெயர்? அது ஒரு ஒழுங்கை, பெயரில்லை, கிணற்றடி ஒழுங்கை என்பார்கள், பிறகு அங்கே சென்றி வந்தது. தாயின் கலியாணத்துக்கு முந்திய குடும்பப் பெயர்? எங்களுக்குக் குடும்பப் பெயரே இல்லை, அம்மாவின் பெயருக்குப் பக்கத்தில் நிற்பது தாத்தாவின் பெயர். ஆகவே ஒரு தாத்தாவின் பெயர் தெரிந்தால் ஸ்காபரோவில் ஒரு முழுக் குடும்பத்தின் வங்கிக் கணக்கையும் திறக்கலாம். சபை சிரித்தது. தான் எழுதிய கேள்விகளுக்குத் தானே பதில் சொல்ல முடியாமல் தன் கணக்கிலிருந்து மூன்று தடவை பூட்டப்பட்டதைச் சொன்னான். திரையில் வந்த வசனம்: 'நீங்கள்தான் நீங்கள் என்பதை எங்களால் உறுதிப்படுத்த முடியவில்லை.' பெரிய சிரிப்பு. பிறகு, கொஞ்சம் மெதுவாக, அப்பாவின் முதல் அகதி விசாரணை முடிவும் ஏறக்குறைய இதே வசனத்தில்தான் வந்தது என்றான். யாரோ சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினார்கள். சிவப்பு விளக்கு எரிந்தது. நன்றி சொல்லி இறங்கினான்.

வெளியே கார் தரிப்பிடத்தில் எங்களுக்குள் சண்டை. ஒருவர் கடும் கோபத்தில் இருந்தார். "எங்கட இடப்பெயர்வை வெள்ளையளுக்கு முன்னால விட்டுச் சிரிப்புக் காட்டுறான். பாலத்தடியில எத்தினை கிழடுகட்டை செத்தது? அவனுக்கு உது பகிடியோ?" இந்தக் கோபத்தை நாங்கள் லேசாக எடுக்கவில்லை. அவரின் தாய் அந்த இரவில் நடந்தவர்களில் ஒருவர். சாவகச்சேரியில் மூன்றாம் நாள் இறந்தவர். துக்கத்துக்கு ஒரு மரியாதை உண்டு. அதை மதுச்சாலையில் வைக்கலாமா என்று கேட்க அவருக்கு எல்லா உரிமையும் உண்டு.

ஆனாலும் நாங்கள் அவரோடு உடன்படவில்லை. அந்தப் பாலத்தால் நடந்தவன் அந்தப் பெடியனும்தான். அந்த இரவைப் பற்றி ரொறொன்ரோவிலிருந்தும் பாரிசிலிருந்தும் கவிதை எழுதிய நாங்கள் நடக்கவில்லை. தொலைக்காட்சியில் பார்த்தோம். எங்கள் கவிதைகளை நூறு தமிழர் வாசித்தார்கள், அவர்களுக்கு ஏற்கனவே தெரிந்த விடயத்தை. அங்கே அந்தப் பின்னறையில் நாவற்குழி என்ற சொல்லை வாழ்நாளில் கேட்டிராத எட்டுப் பேர் ஒரு நிமிடம் வாயைத் திறந்தபடி இருந்தார்கள். இருபது வருட ஆர்ப்பாட்ட ஊர்வலங்களில் எங்கள் துண்டுப்பிரசுரத்தை வாங்கிய வெள்ளைக்காரர் ஒருவரும் அப்படி நின்றதை நாங்கள் காணவில்லை. பத்து வருடம் கொம்பியூட்டருக்கு முன் இருந்தவனுக்குத்தான் அந்தக் கேள்வியின் குரூரம் தெரிந்தது. விசாரணை அதிகாரியும் இயந்திரமும் ஒரே வாக்கியம் பேசுவதை இதுவரை எங்களில் யார் எழுதினோம்?

இதில் இன்னொரு கபடமும் உண்டு. நகைச்சுவை எம் பண்பாட்டில் இல்லாதது போலவும், வெள்ளையனிடமிருந்து தொற்றிய நோய் போலவும் பேசுகிறோம். கே. எஸ். பாலச்சந்திரனின் 'அண்ணை றைற்' தனியொருவர் மேடையில் நின்று ஒரு பஸ் கொண்டக்டரையும் பஸ் நிறைந்த சனத்தையும் கொண்டுவந்த கதைதானே? யாழ்ப்பாணத்தில் கோயில் திருவிழா மேடைகளில் அதைக் கேட்டு வயிறு நோகச் சிரித்தவர்கள் நாம். அவரும் கனடாவுக்கு வந்து, 2014 இல் காலமாகும்வரை எம்மிடையேதான் இருந்தார். செத்த பிறகு மலர் வைத்தோம். இலங்கை வானொலியில் ராம்தாஸ் முதலானோரின் 'கோமாளிகளின் கும்மாளம்' போகும் நேரத்தில் தெரு வெறிச்சோடிக் கிடந்ததைச் சொல்ல இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள். 1976 இல் 'கோமாளிகள்' என்று படமாகவும் வந்தது.

அந்தக் கோமாளிகளைப் பற்றி ஒரு சங்கடமான விடயம் இருக்கிறது. அங்கே சிரிப்பின் பெரும்பகுதி உச்சரிப்பிலிருந்து வந்தது. சிங்களவர் பேசும் தமிழ் உபாலி, முஸ்லிம்கள் பேசும் தமிழ் மரிக்கார், யாழ்ப்பாணத்துத் தமிழ் அப்புக்குட்டி. எல்லாரும் எல்லாரையும் பார்த்துச் சிரித்தோம், அதில் ஒரு சமத்துவம் இருந்தது என்று சொல்லலாம். இங்கே அந்தச் சமத்துவம் இல்லை. 'சிம்சன்ஸ்' கார்ட்டூனில் அப்பு என்ற இந்தியக் கடைக்காரனுக்கு 1990 முதல் குரல் கொடுத்தவர் ஹாங்க் அசாரியா என்ற வெள்ளையர். எம் பிள்ளைகள் பள்ளிக்கூட முற்றத்தில் அந்தக் குரலால் அடிவாங்கினார்கள். ஹரி கொண்டபோலு 2017 இல் அதைப்பற்றி ஓர் ஆவணப்படமே எடுத்தார். 2020 இல்தான் அசாரியா அந்தக் குரலை விட்டார். முப்பது வருடம்!

ஆகவே எங்கள் பெடியனோடும் எங்களுக்குச் சண்டை உண்டு. அவனிடம் இன்னொரு துண்டு இருக்கிறது: அம்மா வாடிக்கையாளர் சேவைக்குத் தொலைபேசி எடுப்பது. முழுக்க முழுக்க உச்சரிப்பு. அம்மாவின் இங்கிலிஸைப் பிடித்து வைத்து உருட்டுகிறான். வேறெதுவுமில்லை. அதற்குத்தான் அன்று அதிகம் சிரித்தார்கள். அவனிடமே கேட்டோம். "தெரியும் அண்ணை. ஆனா உதுக்குத்தான் அவங்கள் கூப்பிடுறாங்கள். மற்றதைச் சொல்லுறதுக்கு முதல் உதைச் சொல்ல வேணும்" என்றான். நேர்மையான பதில். சரியான பதில் என்று நாங்கள் நினைக்கவில்லை. வங்கியில் மணித்தியாலத்தை விற்றான், இங்கே தாயின் நாக்கை விற்றால் அது என்ன முன்னேற்றம்? லண்டனுக்குத் தெற்கே கிறோலியில் இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்து, கணித ஆசிரியர் வேலையை விட்டு மேடைக்கு வந்த ரொமேஷ் ரங்கநாதனும் தாயை வைத்துத்தான் பிழைத்தார் என்று சொல்வார்கள். ஆனால் 2015 இல் பி.பி.சி.யில் வந்த தொடரில் தமிழ் தெரியாத மகனை இலங்கைக்கு அனுப்பியவர் அந்தத் தாய்தான். அவர் தன் வாயாலேயே பேசினார், மகனை ஏசினார். சனம் மகனைப் பார்த்துச் சிரித்தது. அங்கே பேசப்படுபவருக்கும் ஒலிவாங்கி இருந்தது. எங்கள் தாய்க்கு ஒலிவாங்கி இல்லை. மீன்கடையில் சொல்ல ஒரு பொய்தான் இருக்கிறது.

நாங்கள் அவனைக் காப்பாற்றுவது அவன் கெட்டிக்காரன் என்பதற்காக அல்ல. அவன் தோற்கவும் கூடும். மேடைக்குப் போகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் ஏதாவதொரு வேலைக்குத் திரும்புகிறார்கள். இப்போதே அவன் மாதத்தில் சில நாள் யாரோ ஒருவரின் கணினி அமைப்பைத் திருத்திக் கொடுத்துத்தான் காப்புறுதி கட்டுகிறான். தோற்றாலும் எங்களுடையவனாக இருக்க இடம் வேண்டும். வங்கி வேலையில் தோற்றவனுக்கு அந்த இடத்தை எப்போதும் கொடுத்திருக்கிறோம்.

ஒரு செய்தியோடு நிறுத்துகிறோம். எங்களில் இருவர் அங்கம் வகிக்கும் ஒரு சங்கத்தின் ஆண்டு விழாவுக்கு இந்த முறை அவனை அழைக்கலாம் என்று தீர்மானமாயிற்று. பத்து நிமிடம். நிபந்தனைகளைக் குழு எழுதிக் கொடுத்தது: தமிழில் இருக்க வேண்டும், சாதி வேண்டாம், கோயில் வேண்டாம், இயக்கம் வேண்டாம், இடப்பெயர்வு வேண்டாம், பெண்களைப் பற்றி வேண்டாம், இலவசமாக வேண்டும். அதே விழாவுக்குச் சென்னையிலிருந்து வரும் தொலைக்காட்சிச் சிரிப்புக் குழுவுக்கு விமான ரிக்கற், ஹொட்டேல், கையில் தனியாகக் காசு. அவர்களுக்கு நிபந்தனை எதுவும் எழுதப்படவில்லை. பெடியன் மரியாதையாகப் பதில் எழுதியிருந்தான். தமிழில் தனக்குச் சரளமில்லை, ஆனாலும் முயல்கிறேன், அம்மாவையும் மேடைக்கு அழைத்து வரலாமா, முந்நூறு டொலர் தருவீர்களா என்று.

அந்தக் கடிதத்தைக் குழுவில் வாசித்தபோது எல்லோரும் சிரித்தார்கள். எதற்கு என்று நாங்கள் கேட்டோம். செயலாளர் அடுத்த விடயத்துக்குப் போய்விட்டார். கடிதம் எழுதி ஏழு வாரம். பதில் போகவில்லை.